எட்டாவது குடம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தாறு. இது மாற்றி எழுதிவிட்டது இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற தொழிலில் அப்படித்தான். தலை நரைத்த பிறகு ஆசை வந்தவர்கள், நரைக்காதவர்களிடம் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குருவின் பெயர் நிலோஃபர். பெரம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவருடைய ஆசிரமம். ஆசிரமம் என்றதும் மான்தோலையும் மரத்தடியையும் தேட வேண்டாம். ஒரு ஹால், மூன்று மேசை, தரையெல்லாம் ஒயர், டீக்கறை படிந்த ஒரு சோபா. இணையத்தில் ஒரு பெரிய விளையாட்டுக் கடை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தான் செய்த விளையாட்டை அங்கே கொண்டுபோய் விற்பனைக்கு வைக்கலாம். அதில் நிலோஃபர் செய்தவை நான்கு இருந்தன. இரண்டு ஓடின. ஒன்று நடந்தது. ஒன்று உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை. நான்கைப் பற்றியும் அவர் ஒரே குரலில்தான் பேசுவார். அவரை குரு என்று சொல்ல வேறு காரணம் தேவைப்படவில்லை.

சீடர் பெயர் மாசிலாமணி. ஒரு கம்பெனியில் இருபது வருஷம் மென்பொருள் எழுதிவிட்டு, ஒருநாள் போதும் என்று எழுந்து வந்தவர். ஆரம்பத்தில் நிலோஃபரைக் கிண்டலுக்குத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். நாளடைவில் கிண்டல் உதிர்ந்துபோய் கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது. குரு அவரை 'சார்' என்பார். புதிதாகப் படியேறி வருகிறவர்களுக்கு, யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

சீடர் செய்த விளையாட்டின் பெயர் 'லாரி வருது'.

கோடைக்காலம். ஒரு தெரு. எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர் லாரி. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எட்டுப் பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கொரு குடம். இடிக்கலாம், தள்ளலாம், அடுத்தவர் கையிலிருந்து குழாயைப் பிடுங்கலாம். குடம் தளும்பாமல் முதலில் வீடு சேர்ந்தவருக்கு வெற்றி.

அதற்கு மூன்று வருஷம் உழைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, கடையின் பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்தி விற்பனையைத் திறந்துவைத்தார்.

அதற்கு முன்னாலேயே மனைவி ஹேமாவதிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஓர் ஆட்டமாவது எட்டுப் பேரோடு முழுசாக நடக்க வேண்டும். நடக்காவிட்டால் திங்கட்கிழமை காலை பழைய கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிடுவார். அங்கே நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு போதுமா?" என்று கேட்டார் ஹேமாவதி.

"ஒண்ணு போதும்" என்றார் இவர். சொன்னபோது அது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை, மடிக்கணினியைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பிரசவ வார்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிவருகிறவர் மாதிரி ஆசிரமத்துப் படியேறினார்.

"குருவே, ஒருத்தர்கூட நிக்க மாட்டேங்கறாங்க."

"வர்றாங்களா?"

"வர்றாங்க. வந்து காத்திருக்கற ரூம்ல நிக்கறாங்க. வேற ஆள் இல்லைன்னு பாக்கறாங்க. போயிடறாங்க. அவங்க போனதும் அடுத்தவர் வர்றாரு. அவரும் ஆள் இல்லைன்னு போயிடறாரு."

"நேத்துலேருந்து எவ்வளவு பேர் வந்திருப்பாங்க?"

"அம்பது அறுபது பேர் இருக்கும்."

"அறுபது பேர் வந்த எடத்துல ஆளே இல்லையா?"

"ஒரே நேரத்துல இல்லையே! எட்டுப் பேர் ஒண்ணா நிக்கணும். அதிகபட்சம் மூணு பேர் நின்னாங்க. அதுல ஒருத்தன் நான்."

குரு சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கு அவருக்கு நல்ல மனசு.

கடையில் விளையாட்டை வாங்கியவர்கள் அதன் கீழேயே தங்கள் கருத்தை எழுதலாம். சீடர் அதையும் திறந்து காட்டினார். போலந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'காத்திருக்கும் அறை மிகவும் சுத்தமாக இருக்கிறது. மற்றதை நான் பார்க்கவில்லை.' பக்கத்தில் கட்டைவிரல் கீழ்நோக்கி இருந்தது.

"அந்த ரூமைக் காட்டுங்க" என்றார் குரு.

வெள்ளையாக ஓர் அறை. நடுவில் பெரிய எழுத்தில், எட்டுக்கு ஒன்று என்று ஓர் எண். கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம். பல் டாக்டர் வாசலில்கூட ஒரு பழைய வாரப் பத்திரிகையாவது கிடக்கும். இங்கே அதுவும் இல்லை.

"போகணும்னா?"

"போலாம். ஆனா போனா பத்து நிமிஷத்துக்குத் திரும்பி உள்ள வர முடியாது. தண்டனை."

"எதுக்கு?"

"போகாம இருக்கறதுக்குத்தான். பெரிய விளையாட்டுல எல்லாம் அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"அவங்க வாசல்ல ஊரே நிக்குது, சார். அவங்க விரட்டலாம்."

சீடர் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு பேர் போதும்னு மாத்திட்டா?" என்றார் குரு.

"நாலு பேர்ல தண்ணிச் சண்டை எப்படி வரும், குருவே? ஆளுக்கு ரெண்டு குடம் புடிச்சிட்டு, 'நீங்க முதல்ல' 'இல்ல நீங்க'ன்னு மரியாதை பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"அது சரி."

சீடர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு பண்ணி வெச்சிருக்கேன். இன்னும் போடலை." ஒரு பொத்தானைத் தட்டினார். வெள்ளை அறையில் திடீரென்று ஏழு பேர் முளைத்தார்கள். கார்லோஸ், ஆன்யா, சுரேஷ் என்று தலைக்கு மேல் பெயர்கள். "யாரும் மனுஷங்க இல்ல. மிஷினே ஆடும். ஆனா பாக்கறவங்களுக்கு மனுஷங்க மாதிரியே தெரியும். சுரேஷ் நடுநடுவுல தப்புக்கூடப் பண்ணுவான்."

"அப்படியா."

"போடட்டுமா? இன்னைக்குள்ள ஒரு ஆட்டமாவது நடக்கலைன்னா நாளைக்கு நான் டை கட்டிக்கணும். வர்றவங்களை எப்படிப் பிடிச்சு வெக்கறது? அதை மட்டும் சொல்லுங்க."

குரு ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"குடத்தை எடுங்க."

"எந்தக் குடம்?"

"சமையல்ரூம்ல இருக்கு. வாய் நெளிஞ்ச ஊதாக் குடம். லாரி வர்ற நாளு."

வாழ்வா சாவா என்று கேட்க வந்தவரிடம் தண்ணீர் பிடிக்கச் சொன்னால் முகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஆனாலும் குரு சொன்னால் சீடர் தூக்கத்தான் வேண்டும். இந்த மாதிரிக் கதைகள் எல்லாவற்றிலும் உள்ள கொடுமை இது.

தெருவில் லாரியும் இல்லை, மனிதர்களும் இல்லை. சுவரோரமாக வெயிலில் வரிசையாகக் குடங்கள் மட்டும் இருந்தன. பச்சை, மஞ்சள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒன்று, வெள்ளைப் பெயின்டில் எழுத்துப் போட்ட ஒன்று. நடுவில் ஒரு எண்ணெய் டப்பா. குரு ஊதாக் குடத்தைக் கடைசியில் வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க?"

"மேல. டீ போடணும்."

"நிக்க வேண்டாமா?"

"எதுக்கு? குடம் நிக்குதுல்ல."

"யாராவது எடுத்துட்டா?"

கீழ்வீட்டு ரோஸ்மேரி வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ரோஸ்மேரி அக்கா, நம்ம ஊதா" என்றார் குரு, நடந்துகொண்டே.

"பாத்துட்டேன், போ."

குரு போய்விட்டார். சீடர் போகவில்லை. மூன்று வருஷமாக எதையும் கண்ணை விட்டு அகல விடாமல் பார்த்தே பழகியவர். குடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டார்.

"நீ யாரு தம்பி? பெத்த புள்ளைய ஸ்கூல் வாசல்ல விட்டுட்டு நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றார் ரோஸ்மேரி.

"மேல... நிலோஃபர்கிட்ட படிக்கறேன்."

ரோஸ்மேரி அவர் தலைநரையை ஒருமுறை பார்த்தார். "படி, படி" என்றார்.

ஒரு பெண் வந்தாள். கடைசியில் தன் குடத்தை வைத்தாள். முன்னால் ஓர் இடைவெளி இருந்ததைப் பார்த்து, ஊதாக் குடத்தைக் காலால் மெல்ல முன்னே தள்ளிவிட்டு, அதன் பின்னால் தன்னுடையதையும் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். சீடரை அவள் கவனிக்கவே இல்லை. கவனித்தது குடத்தைத்தான்.

பிறகு பனியன் போட்ட ஒருவர் மூன்று குடத்தோடு வந்து மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"ஏம்ப்பா சம்பத்து" என்றார் ரோஸ்மேரி, கத்தியை நிறுத்தாமல். "உன் வூட்ல மூணு குடுத்தனம் நடக்குதா?"

"ஒண்ணு என்துக்கா. ஒண்ணு மச்சானுது. ஒண்ணு மாடி வூட்டுது."

"மச்சான் உன் வூட்லயேதான் துன்னுறான். மாடி வூட்டுக்காரங்க ஊருக்குப் போயி ஒரு வாரம் ஆவுது. அங்கருந்து பஸ்ல குடம் அனுப்பிச்சாங்களா? எடு ரெண்டையும். ஆளில்லாத குடத்துக்கெல்லாம் இங்க எடம் கெடையாது."

சம்பத் முனகிக்கொண்டே இரண்டை எடுத்துப் போனார்.

சீடருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "எல்லாமே ஆளில்லாத குடம்தானேம்மா நிக்குது?"

ரோஸ்மேரி நறுக்குவதை நிறுத்தினார். கணக்கில் முட்டை வாங்கிய பையனை கான்வென்ட் சிஸ்டர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யாரு சொன்னது? அந்தப் பச்சை கோமதி வூட்டுது. மாவு அரைக்கப் போயிருக்கா. செவப்புத் துணி டெய்லர் வூடு. அவங்க பொண்ணுக்கு எண்ணெ தேய்ச்சு ஊத்திட்டிருக்காங்க. அந்த டப்பா வாட்ச்மேன்து. ராவெல்லாம் முழிச்சிட்டுத் தூங்குறாரு. ஆளு இருக்கு. இங்க இல்ல. அவ்ளோதான்."

அப்போது தெருமுனையில் ஹாரன் அடித்தது.

ஒரு நிமிஷம் முன்னால் வரை ஈ காக்கை இல்லாத தெரு அது. கதவுகள் படபடவென்று திறந்தன. மாவுக் கையோடு ஒருத்தி, தலையில் எண்ணெய் வழிய ஒரு சிறுமி, லுங்கியை இறுக்கிக்கொண்டே வாட்ச்மேன். ஒவ்வொருவரும் தன் குடத்தின் பக்கத்தில் சரியாக வந்து நின்றார்கள். அடுத்த நொடி சண்டை ஆரம்பித்தது. அந்த நேரமெல்லாம் வெயிலில் காவல் நின்ற மாசிலாமணியைத்தான் முதலில் இடித்துத் தள்ளினார்கள். குரு எப்போது இறங்கிவந்தார் என்று தெரியவில்லை. நிதானமாக ஊதாக் குடத்தை நிரப்பி, சீடரின் தோளில் ஏற்றிவிட்டார்.

சீடர் ஈரச் சட்டையோடு மாடிக்கு வந்தார். குடத்தை இறக்கினார். நேராக மடிக்கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"டீ ஆறுது, சார்."

விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்து, தாண்டியும் போனது. கடைசியில் சீடர் நிமிர்ந்தார்.

"கார்லோஸ், ஆன்யா, சுரேஷ் எல்லாரையும் அழிச்சுட்டேன்."

"பாவம். சுரேஷ் நல்லாத் தப்புப் பண்ணுவான்னீங்களே."

"வெள்ளை ரூமும் இல்ல. கடிகாரமும் இல்ல. தண்டனையும் இல்ல. இதோ பாருங்க."

திரையில் ஒரு தெரு. வெயில். ஒரு சுவர். வருகிறவர் அதன் ஓரமாகத் தன் குடத்தை வைத்துவிட்டு, விளையாட்டை மூடிவிட்டுப் போய்விடலாம். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு குடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டுக் குடம் சேர்ந்ததும் லாரி ஹாரன் அடிக்கும். வேண்டுமென்றால் போனிலும் அடிக்கும்.

"ஹாரன் அடிச்சும் வராதவங்களை என்ன பண்றது, குருவே?"

"தெருவுல என்ன பண்ணுவாங்க?"

"குடத்தை ஓரமா தள்ளி வெச்சிட்டு அடுத்த குடத்தை முன்னால விடுவாங்க."

"அப்புறம் என்னைய எதுக்குக் கேக்கறீங்க?"

கடையில் மாற்றத்தை ஏற்றிவிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஓர் அறிவிப்பும் போட்டார்: 'இனி நிற்க வேண்டாம். குடத்தை வைத்துவிட்டுப் போங்கள். லாரி வந்ததும் கூப்பிடுகிறோம்.'

முதலில் ஓர் ஆரஞ்சு நிறக் குடம் வந்தது. அந்தப் போலந்துக்காரர்தான். வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். போனார். குடம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து பிரேசிலிலிருந்து ஒருவர் வந்தார். காலையில் வந்திருந்தால் காலி அறையைப் பார்த்திருப்பார். இப்போது ஒரு ஆரஞ்சுக் குடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் தன் மஞ்சளை வைத்தார். பிறகு ஒரு நீலம். ஒரு ரோஸ். மணிலாவிலிருந்து புள்ளி போட்ட ஒன்று.

சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது ஏழு குடங்கள் நின்றன.

சீடர் விரலை விசைமேல் வைத்தார். தன்னுடையதை வைத்தால் எட்டு. ஹாரன் அடித்துவிடும். விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வைங்களேன்" என்றார் குரு.

"ஹாரன் அடிச்சு யாரும் வரலைன்னா?"

குரு ஆறிப்போன டீ டம்ளரை எடுத்தார்.

"இப்ப ஏழு குடமாவது இருக்கு. அடிச்சு யாரும் வரலைன்னா அதுவும் போயிடும். மறுபடி யாரு வந்து வெப்பாங்க? இப்படியே கொஞ்ச நேரம் பாத்துட்டிருக்கேனே."

போன் அடித்தது. ஹேமாவதி.

"மதியச் சாப்பாடும் அப்படியே மூடி வெச்சிருக்கேன். நீங்க வீட்டுக்கு வர்ற மாதிரி இருக்கீங்களா, இல்ல பெரம்பூர்லயே சந்நியாசம் வாங்கிட்டீங்களா?"

"ஏழு இருக்கு ஹேமா. ஏழு குடம் நிக்குது."

"என்ன குடம்?"

சீடர் சொன்னார். தெரு, ரோஸ்மேரி, சம்பத், வாட்ச்மேனின் டப்பா எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையிலிருந்து சிரிப்பு வந்தது. நிற்காத சிரிப்பு.

"ஐயோ, ஐயோ. மூணு வருஷமா தண்ணி லாரி விளையாட்டுப் பண்றேன் பண்றேன்னு உக்காந்திருந்தீங்களே, குடத்தை வெச்சிட்டு வர்றது உங்களுக்குத் தெரியாதா?"

"நான் எப்ப தெருவுக்கு வந்தேன்? பால்கனிலேருந்துதான் பாப்பேன்."

"ஆமா. ஹாரன் சத்தம் கேட்டதும் காபி டம்ளரோட வெளிய வந்து, நாங்க அடிச்சுக்கறதை வேடிக்கை பாப்பீங்க. அதுக்கு முன்னாடி நான் எப்படி ரெண்டு மணி நேரம் சமைச்சு, துவைச்சு, உங்களுக்கு அந்தக் காபியும் போட்டுக் குடுத்தேன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? எனக்குப் பதிலா அங்க யாரு நின்னாங்கன்னு நெனச்சீங்க?"

ஹேமாவதி போனை வைத்துவிட்டார்.

குரு டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. விழாத மாதிரியே கழுவினார்.

திரையில் ஏழு குடத்துக்குப் பின்னால் எட்டாவதாக ஒன்று வந்து நின்றது. பாசிப்பச்சை நிறம். மேலே ஹேமா என்று பெயர்.

ஹாரன் அடித்தது.

அந்தச் சத்தத்தை மாசிலாமணி தானே போய் ஒரு நிஜ லாரிக்குப் பக்கத்தில் நின்று பதிவு செய்துகொண்டு வந்திருந்தார். ஆயிரம் தடவை கேட்டது. இப்போது கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது.

தெருமுனையில் லாரி தெரிந்தது. எட்டுக் குடங்கள். ஓர் ஆள்கூட இல்லை. லாரி வந்துகொண்டே இருந்தது. ஆள் இல்லை. சீடர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சார்" என்றார் குரு.

"எனக்குப் பாக்க முடியலை. நீங்க பாருங்க."

"ஆரஞ்சு வந்தாச்சு."

சீடர் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். போலந்துக்காரர் ஓடிவந்து தன் குடத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். 'அடுப்பில் சூப் இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள்' என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினார். அடுத்து மஞ்சள் வந்தது. 'பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்' என்றது. நீலம். ரோஸ். மணிலாவின் புள்ளிக் குடம். இன்னும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டே வந்தார்கள்.

ஏழு பேர் ஆயிற்று.

பாசிப்பச்சைக் குடத்தின் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை.

"ஹேமா" என்றார் சீடர் திரையைப் பார்த்து. போன் போட்டார். எடுக்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாதவங்க ஏழு பேர் வந்துட்டாங்க. இவளைக் காணோமே, குருவே!"

லாரி நின்றது. வரிசை முன்னால் நகரத் தொடங்கியது. எட்டாவது குடம் நகராமல் பின்தங்கியது. கொஞ்ச நேரத்தில் விளையாட்டே அதை ஓரமாகத் தள்ளிவிடும். அந்தச் சட்டத்தை எழுதிய கை பக்கத்திலேயே மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்தது.

போலந்துக்காரர் நின்றார். திரும்பிப் பார்த்தார். பின்னால் போய், பாசிப்பச்சைக் குடத்தைக் காலால் மெல்ல முன்னே தள்ளிவிட்டு வந்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

"இதை நான் எழுதலை" என்றார் சீடர். "குடத்தைத் தள்ளலாம்னு மட்டுந்தான் எழுதினேன். அடுத்தவங்களுதை முன்னால நகர்த்தி விடுவாங்கன்னு நான் எழுதவே இல்லை."

ஹேமா வந்தார்.

வந்த வேகத்தில் மஞ்சளை ஓர் இடி. நீலத்துக்கும் ரோசுக்கும் நடுவில் நுழைந்து ஒரு தள்ளு. நேராகப் போய்ப் போலந்துக்காரர் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினார். நிரப்பினார். தளும்பாமல், ஒரு சொட்டு சிந்தாமல், அசைந்து அசைந்து வீடு போய்ச் சேர்ந்தார். திரையில் பட்டாசு வெடித்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எதையெதையோ எழுதினார்கள். பாதி சிரிப்பு, பாதி திட்டு. இன்னொரு ஆட்டம் என்று மூன்று பேர் கேட்டார்கள். சூப் தீய்ந்துவிட்டது என்று போலந்துக்காரர் எழுதினார்.

சீடர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். குரு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். ஊதாக் குடத்துத் தண்ணீர். ஒரே மடக்கில் குடித்தார்.

போன் அடித்தது.

"ஏங்க, நான்தான் ஜெயிச்சேன்."

"பாத்தேன். எங்க போயிட்டே நீ? உயிரே போயிடுச்சு எனக்கு."

"குடத்தை வெச்சிட்டு, அடுப்புல பால் இருந்துச்சு, எறக்கி வெச்சிட்டு வந்தேன். அதுக்குத்தானே குடம் வெக்கறது?"

"அந்தப் போலந்துக்காரர்தான் உன் குடத்தை நகர்த்தி விட்டாரு. அவர் கையில இருந்த குழாயையே புடுங்கிட்டியே."

"லைன்ல நிக்கற வரைக்கும் உதவி. லாரி வந்தப்புறம் என்ன உதவி?"

சீடர் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஹேமா. நாளைக்கு... திங்கட்கிழமை."

"ஒண்ணு போதும்னுதானே சொன்னீங்க?"

"அதுல எட்டாவது நீ."

"அதனால என்ன? நான் என்ன மிஷினா? காலும் கையும் வெச்சு ஆடித்தானே ஜெயிச்சேன்? வரும்போது ஒரு தேங்காய் வாங்கிட்டு வாங்க. டை எல்லாம் ஒண்ணும் தேட வேண்டாம்."

போனை வைத்த பிறகும் சீடர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைத் திறந்து பார்த்தார். போலந்துக்காரர் தன் கருத்தை மாற்றி எழுதியிருந்தார்: 'ஹேமா என்பவர் மிகவும் மோசமானவர். நாளையும் வருவேன்.' கட்டைவிரல் மேல்நோக்கி இருந்தது.

தெரு மறுபடி காலியாகியிருந்தது. சுவரோரம் புதிதாக இரண்டு குடங்கள். சீடர் தன்னுடையதையும் எடுத்து மூன்றாவதாக வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, முகவாயில் கை ஊன்றித் திரையின் முன்னால் வசதியாக உட்கார்ந்தார்.

குரு ஹாலைப் பெருக்க ஆரம்பித்தார். நாற்காலிக்கு அடியில் வந்ததும் நின்றார்.

"காலைல ஒரு கேள்வி கேட்டேன், குருவே" என்றார் சீடர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "வர்றவங்களை எப்படிப் பிடிச்சு வெக்கறதுன்னு. நீங்க கடைசி வரைக்கும் பதில் சொல்லவே இல்லை."

"காலைத் தூக்குங்க, சார்."

தூக்கினார். குரு பெருக்கினார்.

"எட்டு ஆகற வரைக்கும் நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன். இன்னும் அஞ்சுதான்."

குரு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அருகே வந்து, மடிக்கணினியின் மூடியைப் பிடித்து மெதுவாகச் சாத்தினார். காலையில் திறந்தபடி வந்தது அது. சாத்திய பிறகு அதைச் சீடரின் மடியில் வைத்தார்.

"குருவே! நான் போயிட்டா அங்க யாரு இருப்பாங்க?"

"உங்களுது ஒண்ணு வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்சிருக்கேன். மூணாவது."

"அப்ப வீட்டுக்குப் போங்க, சார். குடம் நிக்கும்."